பதினாறு கத்தி

பார்சல் லாரி தெருமுனையில் ஹாரன் அடித்தபோது நாற்றுக்காரி பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு அப்படியே ஓடினாள். முப்பது வருடமாக அந்தத் தெருவில் யாருக்குத் தக்காளிச் செடி வேண்டுமென்றாலும் மிளகாய்ச் செடி வேண்டுமென்றாலும் அவள் வாசலில்தான் வந்து நிற்க வேண்டும். அதனால் அவளுடைய சொந்தப் பெயர் ஓட்டுப் போடுகிற அன்றைக்கு மட்டும்தான் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் நாற்றுக்காரிதான்.

லாரிக்காரர் மரப்பெட்டியைப் பலகை வழியாகச் சரித்து இறக்கினார். "என்னம்மா இது, இந்தக் கனம் கனக்குது?"

"டிராக்டர்."

அவர் பெட்டியைப் பார்த்தார். அவருடைய இடுப்புக்குத்தான் வந்தது. "இதுக்குள்ள டிராக்டர் இருந்தா எங்கம்மா உக்காந்து ஓட்டுவீங்க?"

"உக்கார வேண்டாம். பின்னாடியே நடக்கணும்."

"காசையும் குடுத்துட்டு நடக்கவும் நடக்கணுமா," என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அவருக்கு என்ன தெரியும். நாற்பது குழித்தட்டு, தட்டுக்கு நூறு என்று நாலாயிரம் தக்காளி நாற்று பந்தலுக்கடியில் நின்றுகொண்டிருந்தது. இருபத்தெட்டு நாள் ஆகிவிட்டது. இன்னும் நாலைந்து நாள் போனால் தண்டு நீண்டு, வேர் சுருண்டு, அடியிலை மஞ்சளாகிவிடும். போன வருடம் அப்படித்தான் ஆயிற்று. மண்வெட்டி பிடிக்கிற பெண்கள் எட்டுப் பேரும் ஒரே மாதத்தில் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் தனியாளாய் வெட்டுகிறேன் என்று இறங்கினார். நாலாம் நாள் குனிந்தவர் நிமிரவில்லை. முதுகெலும்பில் வட்டு விலகிவிட்டது என்றார் டாக்டர். நாற்று முழுவதையும் நாற்றுக்காரியே எருக்குழியில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

பெரிய டிராக்டர் வைத்து உழலாமே என்று கேட்பீர்கள். கிணற்றுக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவில் மூன்றரை அடிதான் வழி. தோட்டம் அதற்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பக்கத்து வீட்டு டிராக்டர்காரர் ஒருமுறை தலையைச் சாய்த்து அந்தச் சந்தை அளந்து பார்த்துவிட்டு, "தங்கச்சி, நானே கொஞ்சம் வயித்த எக்கிக்கிட்டாதான் நுழைய முடியும்," என்றார்.

இந்த வருடம் வீட்டுக்காரர் சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சரக்குக் கிடங்கில் இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அவருக்கு வாசலில் நாற்காலி போட்டு லாரி எண்ணுகிற வேலை. அவளுக்கு உள்ளே மூட்டை தைக்கிற வேலை. புதன்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். "நாத்து மண்ணுல எறங்கிட்டா சரி. இந்தத் தடவையும் தட்டுலயே செத்துச்சுன்னா விட்டுடலாம். என்னால இன்னொரு தடவ அத பாக்க முடியாது," என்றார். அவளும் சரி என்று சொல்லித்தான் இருந்தாள்.

பெட்டி வந்தது செவ்வாய் காலை. புதன் சாயங்காலம் மழை என்று ரேடியோ சொல்லியிருந்தது. அவர்களுடையது களிமண். உழாத நிலத்தில் மழை விழுந்தால் பத்து நாளைக்குக் காலை வைக்க முடியாது. செருப்பு ஓர் இடத்திலும் ஆள் ஓர் இடத்திலுமாக நிற்க வேண்டியதுதான். ஆக, கையில் இருந்தது ஒன்றரை நாள்.

"ரைட்," என்றாள் நாத்தனார், சுத்தியலின் பின்பக்கத்தால் ஆணியைப் பிடுங்கி.

நாத்தனார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். வீட்டிலும் எல்லோருக்கும் கண்டக்டர்தான். இந்த டிராக்டருக்காகவே இரண்டு நாள் லீவு எடுத்திருந்தாள். பெட்டியின் பலகைகள் விழுந்தன. உள்ளே இயந்திரம் பத்துப் பதினைந்து துண்டாக, பாலித்தீன் சுற்றி, புதுப் பெயின்ட் வாசனையோடு கிடந்தது. இஞ்சின் ஒரு பக்கம், கைப்பிடி ஒரு பக்கம், இரண்டு சக்கரம், ஒரு இரும்புத் தண்டு, ஒரு டப்பாவில் கத்தியும் நட்டும் போல்ட்டும்.

வீட்டுக்காரர் நாற்காலியைத் தூக்கிவரச் சொல்லி, முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்துகொண்டார். குனியத்தான் கூடாது என்றார் டாக்டர், அதிகாரம் பண்ணக் கூடாது என்று சொல்லவில்லை.

"மொதல்ல தாள எடுத்துப் படி."

கண்டக்டர் தாளை விரித்தாள். எல்லாம் படமாக இருந்தது. "ஒண்ணு. இஞ்சினுக்கு ஆயில் ஊத்தணும். ஊத்தாம வர்றதாம். ஊத்தாம ஸ்டார்ட் பண்ணா அவ்ளோதானாம், மண்டையோடு படம் போட்டிருக்கான்."

"ஊத்து."

"கியர் ஆயில் தனியா."

"அதையும் ஊத்து. சிந்தாத."

"அண்ணே, நான் ஓடுற பஸ்ல சில்லறை எண்றவ. எனக்கு ஊத்தத் தெரியாதா?"

கைப்பிடியை மாட்டினார்கள். கிளட்ச் ஒயரைக் கொக்கியில் கோத்தார்கள். பிடியை அமுக்கினால் வண்டி நகரும், விட்டால் நின்றுவிடும் என்று கண்டக்டர் மூன்று தடவை படித்தாள். பின்பக்கம் ஓர் இரும்புக் கம்பி கீழ்நோக்கி நின்றது. அது மண்ணில் ஊன்றி வண்டி ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ளுமாம். சக்கரத்தை மாட்டித் தோட்டம் வரை உருட்டிக்கொண்டு போய், அங்கே சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கத்தித் தண்டை மாட்ட வேண்டும். மூன்றரை அடிச் சந்தில் அது இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டுச் சிரமமில்லாமல் போனபோது நாற்றுக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல வேளை, மற்ற இரண்டு பேரும் நாற்காலியோடு பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

தண்டில் எட்டு இரும்பு வட்டம். வட்டத்துக்கு இரண்டு கத்தி, எதிரும் புதிருமாக. மொத்தம் பதினாறு. அரிவாள் போல வளைந்த கத்திகள். ஒரு பக்கம் கூர், ஒரு பக்கம் மொத்தை.

"அண்ணி, கத்தி மாட்டுறதுக்கு ஒரு படம் இருக்கு. அம்புக்குறி எல்லாம் போட்டு..."

"மடிச்சு வை," என்றாள் நாற்றுக்காரி. "ஆயிலுக்கும் ஒயருக்கும் படம் பாக்கலாம். மண்ணு வெட்றதுக்குமா படம் பாப்பாங்க? முப்பது வருஷமா வெட்றேன்."

"அதுவும் சரிதான்," என்றார் வீட்டுக்காரர். அவரும் முப்பது வருடம் வெட்டியவர்தானே.

ஒவ்வொரு வட்டமாக நேரே திருப்பி நிறுத்தி, மேலே ஒன்று, கீழே ஒன்று மாட்டினாள். எல்லாக் கத்தியின் கூரும் தன்னைப் பார்த்து இருக்கும்படி மாட்டினாள். மண்வெட்டியின் வாய் வெட்டுகிறவனைப் பார்த்துத்தான் இருக்கும். மண்ணைத் தன் பக்கம் இழுப்பதுதானே வெட்டு. வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். கண்டக்டர் பதினாறு போல்ட்டையும் முறுக்கிவிட்டு, "ரைட், டிக்கெட் எல்லாம் போட்டாச்சு," என்றாள்.

கயிற்றை இழுத்தாள் நாற்றுக்காரி. முதல் இழுப்புக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்குத் தும்மியது. மூன்றாவதுக்குப் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் மூன்று பேருக்கும் முகம் முழுக்கச் சிரிப்பு. மதிலுக்கு மேலே டிராக்டர்காரரின் தலை எழும்பியது.

"என்ன தங்கச்சி, மிக்ஸி வாங்கிருக்கியா?"

அவள் பிடியை அமுக்கினாள்.

அவ்வளவுதான். வண்டி மண்ணுக்குள் இறங்குவதற்குப் பதில் மேலே எம்பியது. எம்பி விழுந்து, மறுபடி எம்பி, தடதடவென்று குதித்துக்கொண்டு ஓடியது. அவளும் விடாமல் பிடித்துக்கொண்டு குதித்தபடி ஓடினாள். பல்லெல்லாம் ஆடியது, சேலை முந்தானை அவிழ்ந்து பறந்தது. கண்டக்டர் "ஹோல்டான், ஹோல்டான்" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். தண்ணீர்க் குழாயை ஓர் இடத்தில் நசுக்கி, வேலி வரை போனபிறகுதான் பிடியை விட வேண்டும் என்பது நாற்றுக்காரிக்கு ஞாபகம் வந்தது.

விட்டாள். நின்றது. திரும்பிப் பார்த்தாள். உழுததாகச் சொல்ல ஒன்றுமில்லை. மண் மேலே கீறல் விழுந்தமாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

டிராக்டர்காரர் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்ல மனிதர்தான், ஆனால் சிரிப்பு வந்தால் அவரால் அடக்க முடியாது. "மாப்ள, உழவுக்கு வாங்குனியா, சர்க்கஸுக்கு வாங்குனியா?"

"நீங்க சும்மா இருங்க மச்சான்," என்றார் வீட்டுக்காரர். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னும் அழுத்திப் பிடித்துப் பார்த்தார்கள். கைப்பிடியில் கண்டக்டரும் சேர்ந்து தொங்கிப் பார்த்தாள். இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கிப் போட்டது. வீட்டுக்காரர் கடைக்கு போன் பண்ணினார். மெக்கானிக் வெள்ளிக்கிழமைதான் வருவாராம். போனை மடியில் வைத்தார்.

"எடம் இறுகிக் கெடக்கு. இதுக்கு இந்தச் சின்ன வண்டி தாங்காது போலருக்கு," என்றார் கடைசியில்.

"இறுகல்லாம் இல்லீங்க." அவள் ஒரு பிடி மண் எடுத்து உருண்டை பிடித்து, கட்டை விரலால் அமுக்கிக் காட்டினாள். உருண்டை உதிர்ந்தது. "பதம் இதுக்கு மேல வேணுமா? மண்ணு ரெடியா இருக்கு."

"அப்போ வண்டியிலதான் கோளாறு. சரி விடு. சூப்பர்வைசர்கிட்ட..."

"நாளைக்குச் சாயங்காலம்தானே சொல்லணும்," என்றாள் அவள். குரல் கொஞ்சம் கூர்மையாகத்தான் வந்தது. "நாளைக்குச் சாயங்காலம் இன்னும் வரல."

சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து தோட்டத்திலேயே, வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மற்ற இருவரும் உள்ளே சாப்பிட்டார்கள். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். வண்டி குதித்துப் போன தடத்தை வெறித்துக்கொண்டே மென்றாள். அவளுக்கு இயந்திரம் தெரியாது. ஆனால் மண்ணில் விழுந்த அடையாளத்தைப் பார்த்தால், வெட்டியது யார், வலதுகைக்காரரா இடதுகைக்காரரா, காலையில் வெட்டியதா களைத்த பிறகு வெட்டியதா என்று சொல்லிவிடுவாள்.

தடத்தில் ஒரு வெட்டு இருந்தது. பக்கத்தில், கன்னத்தில் விழுகிறமாதிரி ஓர் அறை. அடுத்து ஒரு வெட்டு, அப்புறம் ஓர் அறை. வெட்டு விழுந்த இடத்தில் மண் சுத்தமாகப் பிளந்திருந்தது. அறை விழுந்த இடத்தில் தட்டையாக, பளபளவென்று, கட்டையால் அடித்தமாதிரி இருந்தது. தடம் முழுக்க மாற்றி மாற்றி அப்படியே.

மெல்லுவது நின்றுவிட்டது. தட்டைக் கீழே வைத்தாள். எச்சில் கையோடே வண்டியைச் சாய்த்து, தண்டைப் பிடித்து மெதுவாக உருட்டினாள். கீழே இருந்த கத்தி அவளைப் பார்த்து வந்தது, கூர் முன்னால். நல்லது. இன்னும் அரைச் சுற்று. மேலே இருந்த கத்தி முன்பக்கமாகச் சரிந்து இறங்கிக் கீழே வந்தது. அதன் கூர் இப்போது அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. முதுகு அவளைப் பார்த்து இருந்தது.

மண்வெட்டி சுற்றாது. இது சுற்றுகிறது. மேலே நிற்கும்போது அவளுக்கு முகம் காட்டுகிற கத்தி, கீழே போனதும் மண்ணுக்கு முதுகைக் காட்டும். பதினாறில் எட்டு வெட்டியது, எட்டு முதுகால் அடித்து வண்டியைத் தூக்கிப் போட்டது.

"கண்டக்டரம்மா," என்று கூப்பிட்டாள். "சாப்பிட்டதெல்லாம் போதும். அந்தத் தாள எடுத்துட்டு வா. கத்திப் படம்."

கண்டக்டர் கையில் சோற்றோடு ஓடிவந்தாள். படத்தில் மேல் கத்தி முன்பக்கம் பார்த்தது, கீழ் கத்தி பின்பக்கம் பார்த்தது. அம்புக்குறி வட்டமாகச் சுற்றி வந்தது. அதை விடத் தெளிவாக வரைய முடியாது.

"இதைத்தான் அண்ணி நான் காலையில..."

"தெரியும். நீ சொன்ன. நான்தான் மடிச்சு வைக்கச் சொன்னேன். முப்பது வருஷம் முப்பது வருஷம்னு பீத்திக்கிட்டேன். ஸ்பானர எடு."

பின்னாலேயே சுவரைப் பிடித்து நடந்து வந்த வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தண்டை ஒரு தடவை உருட்டச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை உருட்டச் சொன்னார். அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது அவருக்கு, வயிறு குலுங்க, ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு. "நானும்தானே உக்காந்து பதினாறுக்கும் தலையாட்டுனேன். நம்ம ரெண்டு பேரையும் நம்பி அந்தப் பாவப்பட்ட வண்டி என்ன பண்ணும்?" அவர் சிரித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஸ்பானரைப் பிடித்திருந்த நாற்றுக்காரியின் கை ஒரு கணம் நின்று, மறுபடி வேலையைப் பார்த்தது.

எட்டுப் போல்ட்டைக் கழற்றி, எட்டுக் கத்தியையும் திருப்பி மாட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூன்று மணிக்குக் கயிற்றை இழுத்தாள். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

பிடியை அமுக்கினாள். இந்தத் தடவை வண்டி எம்பவில்லை. கொஞ்சம் யோசிப்பதுபோல நின்றது. பிறகு பொதபொதவென்று மண்ணுக்குள் இறங்கியது. ஒரு சாண் ஆழம் இறங்கி, கரகரவென்று மண்ணைக் கடித்து, உதிர்த்து, பின்னால் தள்ளிக்கொண்டு முன்னே போனது. ஈர மண் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. எட்டுப் பெண்கள் வரிசையாக நின்று காலையிலிருந்து வெட்டினால்தான் வருகிற வாசனை அது.

முதல் பாத்தியில் அவள் வண்டியோடு மல்லுக்கட்டினாள். இரண்டாவதில்தான் புரிந்தது, இழுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். ஆழம் வேண்டுமென்றால் கைப்பிடியை லேசாக அமுக்க வேண்டும். பின்கம்பி ஊன்றிக்கொள்ளும், வண்டி நின்று தோண்டும். போக வேண்டுமென்றால் லேசாகத் தூக்க வேண்டும், தானே நகரும். உழுத மண்ணை மிதிக்காமல் ஓரமாக நடக்கவும் பழகிவிட்டாள். நாலாவது பாத்தியில் திரும்பும்போது அவளுக்குச் சத்தம் போட்டுப் பாட வேண்டும்போல இருந்தது. பாடவும் செய்தாள். இஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது.

"எப்படி அண்ணி இருக்கு?" என்று கண்டக்டர் பக்கத்தில் ஓடிவந்து கத்தினாள்.

"நிறுத்த மனசு வரல."

"கை வலிக்கலையா?"

"இல்லடி. பாத்தி தீந்துடுமோன்னுதான் இருக்கு."

மதிலுக்கு மேலே டிராக்டர்காரரின் தலை மறுபடி வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் தொழில் தெரிந்தவர். உழவு எப்படி விழுகிறது என்று பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "தங்கச்சி, கட்டி நல்லா உடையுது. ரெண்டாம் உழவு குறுக்கால போடு, இன்னும் பொடியாகும்," என்று சொல்லிவிட்டு, "ஒரு ரவுண்டு நான் புடிக்கட்டுமா?" என்றார், குழந்தை மாதிரி.

"நாளைக்கு நாத்து நட வந்தா குடுக்குறேன் அண்ணே."

"இது நியாயமா?"

"உங்க வயித்த எக்கிக்கிட்டு சந்துல வாங்க."

இருட்டுவதற்குள் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. புதன் விடிந்ததும் மீதி. எருவைத் தூவிக் குறுக்கு உழவும் முடித்தபோது பத்து மணி. கையை விட்டால் மணிக்கட்டுக்கு மேலே வரை இறங்குகிற மண். வீட்டுக்காரர் நாற்காலியை வரப்பில் போடச் சொல்லி உட்கார்ந்து, தட்டிலிருந்து நாற்றை அடிவேர் உடையாமல் பிடுங்கிக் கொடுத்தார். அதற்குக் குனிய வேண்டாமே. டிராக்டர்காரர் சொன்னபடி வந்தார். ஒரு ரவுண்டுக்கு ஆசைப்பட்டு ஆயிரம் நாற்று நட்டார். மூன்று பேரும் வரிசை பிடித்து நட்டுக்கொண்டே போனார்கள். வானம் மட்டும் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

"எத்தன தட்டு?"

"பதினெட்டு பாக்கி."

"எத்தன?"

"ஒம்போது. ரைட், ரைட், போலாம் போலாம்."

நாலரை மணிக்குக் கடைசி நாற்று மண்ணுக்குள் இறங்கியது. நாற்றுக்காரி அதைச் சுற்றி இரண்டு விரலால் அமுக்கிவிட்டு நிமிர்ந்தாள். நாலாயிரமும் பச்சையாக, கொஞ்சம் தலை சாய்ந்து, வரிசையாக நின்றன. கண்டக்டர் அப்படியே பாத்தி ஓரத்தில் மல்லாந்து படுத்துவிட்டாள். டிராக்டர்காரர் தன் ஒரு ரவுண்டைக்கூட மறந்துபோய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரரின் போன் அடித்தது. கிடங்கு சூப்பர்வைசர்.

அவர் போனை எடுத்தபோது இஞ்சின் சத்தமும் கேட்டது. திரும்பிப் பார்த்தார். நட்ட பாத்திக்கு அப்பால் வேலி வரைக்கும் அதே அளவு நிலம், வெட்டக் கை போதாமல் ஐந்து வருடமாகப் புல்லும் பூண்டுமாகக் கிடந்தது. நாற்றுக்காரி வண்டியை அதற்குள் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நாத்து தீந்துபோச்சு. அங்க என்ன வைக்கப் போறீங்க?" என்று கண்டக்டர் படுத்த இடத்திலிருந்தே கத்தினாள்.

அவளுக்குக் கேட்கவில்லை. புல் கத்தியில் சுற்றிக்கொண்டது. நிறுத்தினாள், குனிந்து பிய்த்து எறிந்தாள், மறுபடி கயிற்றை இழுத்தாள். ஐந்து வருடம் வெளிச்சம் பார்க்காத மண் கறுப்பாகப் புரண்டு மேலே வந்தது.

"சார், அந்த வேலைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க," என்றார் வீட்டுக்காரர். ஒரு காதைப் பொத்திக்கொண்டார். "ஆமா சார், ரெண்டு பேருமேதான். இல்ல இல்ல, சம்பளமெல்லாம் குறையில்ல. இங்க வேலை கொஞ்சம் கூடிப்போச்சு."

முதல் தூறல் போன் மேல் விழுந்தது. அவர் அதை உள்ளங்கையால் துடைத்துவிட்டு மறுபடி காதில் வைத்தார். எவ்வளவு வேலை, எத்தனை நாளாகும் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள்.

அவர் வேலிப் பக்கம் பார்த்தார்.

"தெரியல சார். அவ இன்னும் நிறுத்தல."